ஆட்டுக்குட்டிக்குப் போட்ட வேகத்தடை

1. கீரமங்கலம் பக்கம் ஒரு சாலை. ஒரு பள்ளத்தில் போட்ட தார் ஒட்டு மூன்றாவது முறையாகப் பெயர்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் பைக் விழுந்து ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது.

2. காரணம் பார்த்து எழுத, சாலைப் பொறியாளரான என்னை அனுப்பினார்கள்.

3. பள்ளத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. அரசாங்கம் போட்டதல்ல. குட்டையாக, செங்குத்தாக, சிமென்ட்டில்.

4. “இதை யார் போட்டது?” என்றேன். எதிர் வீட்டு அக்கா கையைத் தூக்கினார்... வகுப்பில் தூக்குவது போல!

நிற்கிற லாரி தன் எடைக்குத்தான் சாலையை அழுத்தும். ஓடுகிற லாரி அப்படியா? மேட்டில் துள்ளும், இறங்கும்போது தன் எடைக்கும் மேலாக ஓங்கி அடிக்கும். ஜல்லி லாரிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழும் — அங்கேதான் பள்ளம். அக்காவிடமும் இதைச் சொன்னேன்.

“வீட்டுக்குத் தளம் போட்டப்ப கலவை மிஞ்சுச்சுங்க. அன்னிக்குத்தான் எங்க ஆட்டுக்குட்டிய ஒருத்தன் அடிச்சுட்டுப் போனான். கோவத்துல கொட்டிட்டேன்.”

“இப்ப ஆடு எங்கக்கா?”

“எல்லாத்தையும் வித்து மூணு வருசமாச்சு.”

“அப்புறம் எதுக்கு இது?”

வீட்டில் அக்கா மட்டும்தான். கணவர் துபாயில், மகள் சென்னையில்.

“இது கெடக்கப் போயித்தான் டவுன் பஸ்ஸு இங்கன மெதுவாப் போகுது. கண்டக்டர் தம்பி ‘என்னக்கா, சாப்டாச்சா’ன்னு கேப்பாப்ல. ஒரு நாளைக்கு அந்த ஒத்தக் கேள்விதாங்க. எடுத்துட்டா அங்கிட்டுப் பாத்துக்கிட்டே போயிருவாக.”

நான் அளவு டேப்பைச் சுருட்டினேன்.

“நீங்க சாப்டீங்களா?” என்றார்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள், உங்களுக்குத் தெரியும். அன்று என்னிடம் பேசியவர்கள்: பெட்ரோல் பங்க் ஊழியர், ஓடிபி கேட்ட கூரியர்காரர், இந்த அக்கா. திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு ஒரே சாவிதான். இன்னொன்று செய்து யாரிடம் கொடுப்பது?

விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முறிந்த கை நினைவுக்கு வந்தது. ‘அகற்ற வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரியான முடிவுதான். வீடு வரும்வரை அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்றைய நிலவரம்: வேகத்தடை இல்லை. பள்ளம் மூடியாயிற்று, ஒட்டு நிற்கிறது. பஸ் வேகம் குறைக்காமல் போகிறது. அந்தச் சாலையில் எனக்கு இனி வேலை இல்லை. வியாழக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், சாப்பிடாமல்.