ஐந்தாம் எண்ணில் இரண்டு கார்டுகள்

அந்த மேனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயதானால் மனசு இளகும் என்கிறார்கள். எனக்கு இளகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன்; ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை. கோவில்பதாகையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அம்மா பல வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். வயல்கள் மனையான பிறகு ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போனாள்.

எங்கள் கம்பெனி அப்போது லாரி ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. பழைய லாரி ஒன்றின் முன்பக்கத்தை வெட்டி ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தோம். உள்ளே நிஜமான ஸ்டியரிங், கிளட்ச், பிரேக். எதிரே திரையில் சாலை. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது, பிரேக் எவ்வளவு அழுந்தியது என்பதை கம்ப்யூட்டருக்குள் செருகிய ஒரு சர்க்யூட் கார்டு அளந்து அதற்குக் கொடுக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் திரையில் லாரியை நகர்த்தும்.

நகர்த்தியது, ஆனால் தாமதமாக. மேனேஜர் எழுதியிருந்த புரோகிராம் சாலை முழுவதையும் வரைந்து முடித்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டியரிங் என்ன ஆயிற்று என்று பார்க்கும். அதற்குள் லாரி புளியமரத்தில் மோதியிருக்கும்.

கார்டோடு வந்த மானுவலைப் படிக்கத் தரச்சொல்லிக் கேட்டேன். அவர் சத்தமாகச் சிரித்தார்.

"நாத்து நடற கைம்மா உன் கை. நீ சால்டரிங்கைப் பாரு, போதும்."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மாவைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை. யாரோ சொன்னதை, என்மேல் வீசுவதற்கென்று எடுத்துவைத்திருக்கிறார்.

மானுவல் அலமாரியில்தான் இருந்தது. சாப்பாட்டு இடைவேளைகளில் எடுத்துப் படித்தேன். கம்ப்யூட்டர் என்ன வேலையில் இருந்தாலும், அதைக் கையோடு நிறுத்தித் தன்னைக் கவனிக்க வைக்கும் வசதி அந்தக் கார்டில் இருந்தது. இன்டரப்ட் என்பார்கள். அதற்கென்று சில எண்கள் உண்டு. கார்டின் ஓரத்தில் வரிசையாக ஊசிகள் இருக்கும். ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பியை எந்த ஊசியில் மாட்டுகிறோமோ அதுதான் அந்தக் கார்டின் எண். ஒரே எண்ணில் இரண்டு கார்டுகள் இருந்தால் எல்லாம் குழம்பிவிடும். மூன்றும் நான்கும் வேறு வேலைக்குப் போயிருந்தன. ஐந்து காலியாக இருந்தது. அதில் மாட்டினேன். நொடிக்கு நூறு முறை கார்டு கூப்பிட வேண்டும், கூப்பிட்டதும் ஸ்டியரிங்கைப் படிக்க வேண்டும் என்று புரோகிராமை மாற்றி எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது. ஒரு மத்தியானம் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். லாரி கையோடு சேர்ந்து திரும்பியது. கேபினுக்குள் தனியாக உட்கார்ந்து அம்பது தடவை திருப்பியிருப்பேன்.

இதையெல்லாம் ஒரு கையேடாக எழுதினேன். "டைப் பண்ணித் தரேன்" என்று மேனேஜர் வாங்கிப் போனார். அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. முதலாளி எல்லாரையும் கூட்டி அவரைப் பாராட்டினார். அந்தக் கூட்டத்தில் மேனேஜர் என் கையில் பிஸ்கட் தட்டைக் கொடுத்து, "எல்லாருக்கும் குடும்மா" என்றார். கொடுத்தேன்.

வீட்டில் அம்மா விடவில்லை.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

சொன்னேன்.

"நீ எய்தினத அவன் பேர்ல போட்டுக்கினானா? அவன் ஊடு எங்க கீது சொல்லு. நான் போய்க் கேக்கறேன்."

"முகப்பேர்லம்மா. வேணாம்."

"முகப்பேரு இன்னா சீமையா?"

அவளைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அவள் போய்க் கத்தினால் அவர் மறுபடியும் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, வாங்கப்போகிறவர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் மேனேஜர் ஒரு சவுண்டு கார்டைக் கொண்டுவந்து மாட்டினார். இன்ஜின் உறுமினால் அசந்துபோவார்களாம். மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் தொப்பியும் ஐந்தில் இருந்தது.

சத்தத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். பிரமாதம். லாரியைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். பிரமாதம். இரண்டையும் சேர்த்து ஓட்டவில்லை. விருந்தாளிகளுக்குச் சாப்பாடு சொல்லும் அவசரம்.

"எல்லாம் சரியா இருக்குல்ல?" என்றார்.

"நீங்க மாட்டினது தப்பாப் போகுமா சார்?" என்றேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வாங்கப்போகிறவர்களின் தரப்பில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். கூடவே, ஓட்டிப் பார்க்க ஒரு பழைய லாரி டிரைவர். அவர் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. எல்லார் முகத்திலும் மலர்ச்சி. முதல் வளைவு வந்தது. திரை அப்படியே உறைந்தது. அரை நொடிச் சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப விக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், ஸ்டேரிங் கேக்கவே மாட்டேங்குது" என்றார் டிரைவர். "வண்டி மரத்தப் பாத்துக்கினு நிக்குது!"

மேனேஜர் இரண்டு முறை நிறுத்திப் போட்டார். இரண்டு முறையும் அதே வளைவு, அதே விக்கல். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது?"

"பதினோராம் பக்கத்துல இருக்கு சார். சார் எழுதின புக்லதான்."

ஒரு அதிகாரி மேஜைமேல் இருந்த கையேட்டை எடுத்து மேனேஜரிடம் நீட்டினார். அவர் சத்தமாகப் படித்தார். ஐந்தாம் எண் இந்தக் கார்டுக்கு மட்டும்; வேறெந்தக் கார்டையும் அதில் வைக்கக் கூடாது. என் வாக்கியம்.

"சவுண்டு கார்டை எந்த நம்பர்ல வெச்சிருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

மேனேஜருக்குத் தெரியவில்லை. நம்பர் எங்கே பார்ப்பது என்பதே தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நிமிஷங்கள் இனித்தன என்பதை மறைக்க மாட்டேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"தெரியும் சார். எழுதினது நான்தான்."

கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி, கொண்டை ஊசியால் சவுண்டு கார்டின் தொப்பியை நெம்பி ஏழில் மாட்டினேன். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். டிரைவர் மறுபடி ஏறி, வளைவெல்லாம் வளைத்து ஓட்டிவிட்டு இறங்கினார். "இப்ப கேக்குது, தங்கச்சி" என்றார்.

மாலையில் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்.

"நேத்தே கவனிச்சியா?"

"கவனிச்சேன் சார்."

"முப்பது பேர் சோறு இதுல இருக்கு. அவங்க எழுந்து போயிருந்தா?"

அடுத்த அச்சில் கையேட்டில் என் பெயர் வந்தது. ஆனால் விருந்தாளிகள் வரும் நாட்களில் ஒரு வருஷம் என்னை ஷெட்டுக்குள் விடவில்லை.

மேனேஜர் நாலைந்து மாதத்தில் வேறிடம் பார்த்துக்கொண்டார். கடைசி நாளில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் சொல்லியிருக்கலாம் சார், அந்த புக்கை யார் எழுதினதுன்னு."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. சால்டரிங் இரும்பு சூடாகியிருந்தது, வேலையைத் தொடர்ந்தேன்.