நான்கு நொடியில் ஒரு நீதிபதி

எங்கள் வரிசையில் விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அதனாலேயே மதிப்பெண்ணில் கடைசியாக இருந்தவரும் அவர்தான். பதினோரு வருடம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் என்பதால் வக்கீலம்மா என்று கூப்பிடுவோம்.

எங்கள் வேலை சுலபம். உலகத்தில் உள்ள பதவிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். எது எந்த வகை என்று தட்டினால், கணினி அவற்றைக் கோடு போட்டு இணைத்துக்கொள்ளும். இதற்கு அறிவு வரைபடம் என்று பெயர். ஃபோனில் யார் எதைக் கேட்டாலும் பதில் இங்கிருந்துதான் போகிறது. ஒரே கேள்வி ஐந்து பேருக்கு வரும். அதிகம் பேர் சொன்னதுதான் சரி. மாற்றிச் சொன்னவருக்கு மதிப்பெண் குறையும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று வந்தது நாட்டின் தலைமை வழக்குத் தொடுநர் பதவி. கூடவே ஒரு படம்: கறுப்பு அங்கி, பின்னால் உயரமான நாற்காலி. நாங்கள் நான்கு பேரும் 'நீதிபதி' என்று தட்டிவிட்டோம். எனக்கு நான்கு நொடி ஆனது, அதில் இரண்டு நொடி கொட்டாவி. வக்கீலம்மா மட்டும் 'அரசு வழக்கறிஞர்' என்றார். அவர் மதிப்பெண் சரியாகத் தொண்ணூறில் வந்து நின்றது.

நேரே மேற்பார்வையாளரிடம் போனார்.

"சார், அவர் தீர்ப்பு சொல்றவர் இல்ல. அரசாங்கத்துக்காக வழக்கு நடத்துறவர். குத்தம் சாட்டுறதே அவர்தான்."

"இருக்கலாம்மா. ஆனா நாலு பேர் வேற மாதிரி சொல்றாங்களே. மறுபார்வைக்கு இதே கேள்வி திரும்ப வரும். பார்த்துப் போடுங்க."

பார்த்துப் போடுவது என்றால் என்னவென்று வக்கீலம்மாவுக்குத் தெரியாதா? அவருடைய அண்ணன் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். வராத சரக்கை வந்ததாகக் கையெழுத்துப் போட்டு, வழக்கில் மாட்டி, ஒரு வருடமாக வீட்டில் இருந்தார். தங்கை சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மறுபார்வையில் வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு 'நீதிபதி' என்று தட்டினார். ஐந்துக்கு ஐந்து. மேற்பார்வையாளர் கைதட்டினார். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, வழக்கம்போல அண்ணன் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். அன்று முகம் தெளிந்திருந்தது.

"பாப்பா, வழக்குக்கு ஒரு வழி பண்ணிட்டேன். எந்தெந்த லாரிக்குக் கையெழுத்துப் போட்டேன்னு ஒண்ணு விடாம எழுதி, பெரிய நீதிபதிக்கே அனுப்பிட்டேன். போலீஸ் இன்னும் கண்டுபிடிக்காத ரெண்டு லாரியையும் சேர்த்துதான். உண்மையைச் சொன்னா மனசு இரங்க மாட்டாரா?"

"எந்த நீதிபதிக்கு அண்ணா?"

அண்ணன் ஒரு பெயரைச் சொன்னார். பதவியையும் சொன்னார்: தலைமை வழக்குத் தொடுநர். "நாட்டுலயே பெரிய நீதிபதிங்க யாருன்னு ஃபோன்ல கேட்டேன். பட்டியல்ல இவர்தான் முதல்ல வந்தார்."

வக்கீலம்மா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அண்ணா, அந்தப் பதிலே நான் போட்டதுதான்."

"நீ போட்டதா?" என்று அண்ணன் பெருமையாக எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும்."