மூன்றாவது குவியலின் மேல் தூங்கிய நாய்

பணி ஓய்வுக்குப் பிறகு காலை நடைக்குக் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டது. தஞ்சாவூரில் சிரிக்க வைக்கிற காட்சிகளுக்குக் குறைவில்லை. நிறுத்தி வைத்த ஆட்டோவின் பின் சீட்டில் சவாரிக்கு ஏறியதைப் போல இரண்டு ஆடுகள். ஏடிஎம் வாசல் சாய்தளத்தில் காயப்போட்ட மிளகாய். ஒரு பொம்மைக் கடையில், வெளியே பேருந்து உறுமும்போதெல்லாம் ஒன்றாகத் தலையாட்டி ஆமோதிக்கும் பொம்மைகள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதுவேன்: தேதி, கிழமை, மணி, இடம், வானிலை. கல்லூரி நூலகத்தில் பல வருடம் அட்டவணை எழுதிய கை. யாருடைய நாட்குறிப்பைப் படித்தாலும் தேதியில்லாத பக்கம் வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது அந்த நோட்டுகளைப் புரட்டினால் சிரிப்பு வருவதில்லை. முட்டி வலியும் நடந்த தூரமும்தான் நினைவுக்கு வருகின்றன.

புரட்டாசியின் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஏழு நாற்பது. லேசான தூறல். நீடாமங்கலம் சாலையில், ஊருக்கு வெளியே உள்ள ஒரு நெல் கொள்முதல் நிலையம் வரைக்கும் பேருந்தில் போயிருந்தேன். குறுவை அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. எடை போட முறை வரும்வரை மழையிலிருந்து காப்பாற்ற, கையில் கிடைத்த பழைய பிளக்ஸ் பேனர்களை எல்லாம் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு குவியலில் காதணி விழாக் குழந்தை. அடுத்ததில் கண்ணீர் அஞ்சலிப் பெரியவர். மூன்றாவதில், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தம்பதி, பட்டும் மாலையுமாக. அந்தக் கணவரின் கழுத்துக்கு மேல், முகத்தை முழுக்க மறைத்தபடி, ஒரு செவலை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலை மட்டும் மாலைக்கு நேர் மேலே. பக்கத்தில் அந்த அம்மாள் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

எடுத்தேன். நடைக் குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். படத்தை மட்டும் போட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். என் வழக்கப்படி அடியில் குறிப்பும் எழுதினேன்: நாள், மணி, ஊர்ப்பெயர், கிழக்கு வரிசை, மூன்றாவது குவியல்.

ஐந்தாம் நாள் காலை வீட்டு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காலில் சேறு காய்ந்திருந்தது.

"சார், உங்க வாக்கிங் குரூப்புல விசாரிச்சுட்டு வரேன். நாய்ப் படம் எடுத்தது நீங்கதானே?"

சந்தோஷமாக ஆமாம் என்றேன். பாராட்ட வந்தார் என்றுதான் நினைத்தேன்.

"அது என் நெல்லு சார். படத்துல இருக்கறது எங்க ஐயா. அவங்க நிலத்தைத்தான் நான் குத்தகைக்குப் பண்றேன். சிங்கப்பூர்ல இருக்கற அவங்க பையனுக்குப் படம் கைமாறிக் கைமாறிப் போயிடுச்சு. எங்கப்பா மூஞ்சில நாயைப் படுக்க வெச்சவனுக்கு இனிமே நிலம் கிடையாதுங்கறாரு."

"நாய் அதுவாத்தானே வந்து படுத்தது?"

"அதை நாய்கிட்டயா எழுதி வாங்க முடியும்? அது எந்தக் குவியல்னு நீங்க எழுதாம இருந்தாலாவது என்னுது இல்லைன்னு சொல்லியிருப்பேன். கிழக்கு வரிசை, மூணாவது குவியல்! கொள்முதல் பண்றவங்களே அவ்வளவு கரெக்டா எழுத மாட்டாங்க சார்."

நிலத்தின் சிட்டா, அடங்கல் எல்லாம் ஐயா பெயரில். குத்தகை வெறும் வாய்ப்பேச்சு. அடுத்த போகமான தாளடிக்கு விட்ட நாற்றுக்கு இருபது நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வாரத்துக்குள் பறித்து நடாவிட்டால் முற்றிவிடும். ஐயா வாய் திறக்காமல் வயலில் கால் வைக்க முடியாது. இதையெல்லாம் அவர் சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஐயாவிடம் பேச, மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் மாடி வீடு. படத்தில் முகம் தெரியாமல் போனவரை அன்றுதான் பார்த்தேன். மெலிந்த மனிதர். நான் யாரென்று சொன்னதும் உள்ளேயிருந்து, படத்தில் சிரித்த அந்த அம்மாள் வந்தார்.

"பேனரை நான்தான் கொடுத்தேன். பரண்ல சும்மா கிடந்துது. மழை வருது, நெல்லை மூடிக்கோன்னு சொன்னேன். இதுல அவன் தப்பு என்ன இருக்கு?"

ஐயா என் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத் தூங்குது" என்றார். பிறகு மனைவியிடம், "உன் மேல படுக்கணும்னு அதுக்குத் தோணலை பாரு."

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு, எந்தத் தலை காலியா இருக்குன்னு" என்றார் அந்த அம்மாள். குத்தகைக்காரர் சிரிக்கவில்லை. கதவோரமாக நின்றபடி ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்டேன். குழுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் எங்கெல்லாம் போனதோ தெரியாது என்றும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து மகனின் குரல் வந்தது.

"அங்கிள், அறுபதாம் கல்யாணத்துக்கு என்னால வர முடியல. லீவு கிடைக்கல. அந்த பேனர் மட்டும்தான் நான் பண்ணது. எழுத்து, கலர், போட்டோ எல்லாம் இங்க இருந்தே பார்த்துப் பார்த்து அனுப்பினேன். அது மேல போய்..."

அவன் முடிக்கவில்லை. அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். நாயின் காது மடிந்திருந்ததைக்கூட நோட்டில் எழுதியிருந்தேன். பேனரின் கீழ் ஓரத்தில் 'இவண், அன்பு மகன்' என்று இருந்ததை மட்டும் எழுதவில்லை.

அந்த அம்மாள் போனை வாங்கிக்கொண்டார். "டேய், நீ பண்ணின பேனர் ஒரு வருஷச் சாப்பாட்டை நனையாமக் காப்பாத்துச்சு. அதை விட்டுட்டு நாயைப் பத்தியே பேசறியே." மகன் ஏதோ சொன்னான். அவர் போனோடு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து, "அவன் சரின்னுட்டான். நாத்தை நடச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னார். ஐயா குத்தகைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "நடு. ஆனா படம் போட்டது எதுவும் இனிமே என் நெல்லு மேல வரக்கூடாது."

குத்தகைக்காரரே திரும்பக் கொண்டுவந்து விட்டார். என் தெருமுனையில் இறக்கிவிட்டு, "வரேன் சார்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே நட்டு முடித்துவிட்டதாக நடைக் குழு நண்பர் ஒருவர் மூலம் தெரிந்தது. அதற்குப் பிறகு பல நாள் நான் எதையும் எடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிற அந்தச் சிறிய வேலைக்கே தெம்பில்லாமல் இருந்தது.

மாசியில், தாளடி அறுவடை முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதே களத்துக்குப் போனேன். எட்டு மணி. முந்தின நாள் பருவம் தப்பிய மழை. குவியல்கள் முன்பு போலவே வரிசையாக இருந்தன. ஆனால் களம் முழுக்க வெள்ளை. பிளக்ஸ்களை எல்லாம் திருப்பி, அச்சுப் பக்கம் நெல்லைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். காதணிக் குழந்தை, அஞ்சலிப் பெரியவர் எல்லோரும் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள்.

குத்தகைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க சார். ஐயா சொன்னாங்கன்னு நான் திருப்பிப் போட்டேன். எதுக்கு வம்புன்னு பார்த்துட்டு எல்லாரும் திருப்பிட்டாங்க. இப்ப எடுங்க, ஒண்ணும் ஆகாது."

"அடுத்த போகத்துக்கு?"

"நீயே பண்ணுன்னுட்டாங்க. சித்திரையில சிங்கப்பூர் தம்பி வர்றாராம்" என்றவர், எடை போடும் இடத்திலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

காற்று அடித்தது. அவர் குவியலின் ஒரு மூலை தூக்கி மடிந்தது. உள்ளே பட்டுக் கரையும், மாலையின் நுனியும், 'அன்பு மகன்' என்ற எழுத்தில் பாதியும் தெரிந்தன. நெல் மணிகள் அதில் ஒட்டியிருந்தன. எடுத்திருந்தால் நல்ல படம்.

குனிந்து மூலையை இழுத்துவிட்டு, நகர்ந்து கிடந்த செங்கல்லை அதன் மேல் வைத்தேன். நிமிர இரண்டு கையையும் முட்டியில் ஊன்ற வேண்டியிருந்தது.