ஏற்றி அனுப்புகிறவன்

கீழ்பென்னாத்தூரில் என் அக்கா வீட்டுத் தெருவில் விசாரித்தால், நான் விமானப்படையில் பிளேன் ஓட்டியவன் என்றுதான் சொல்வார்கள். நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. முதலில் திருத்தத்தான் பார்த்தேன். "அப்போ பிளேன்ல இன்னாதான் பண்ணீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "நான் ஏறவே மாட்டேங்க, கீழ இருந்து ஏத்தி அனுப்புவேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதோடு திருத்துவதை விட்டுவிட்டேன். இப்போது கடலைக் காட்டுக்கு மேல் எந்த விமானம் பறந்தாலும் என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்கிறார்கள். நானும் கூச்சமே இல்லாமல் பதில் சொல்கிறேன்.

உண்மையான வேலை இதுதான். பனிமலையில் காவல் இருக்கும் படைக்குக் கோதுமை மாவு, மண்ணெண்ணெய், கூடாரம், ஜீப், ஆட்கள் எல்லாம் போக வேண்டும். எதை எந்த விமானத்தில் ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, எப்போது கிளப்புவது என்று ஓர் அறையில் உட்கார்ந்து திட்டம் போடுவேன். லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சீருடை மாட்டிவிட்டால் அது நான்தான். ஆனாலும் அந்த வேலையில் எனக்கு ஏகத்துக்கும் திமிர் உண்டு. போய்ச் சேர வேண்டிய நேரத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அங்கே முதலில் தேவைப்படுவதை இங்கே கடைசியாக ஏற்ற வேண்டும். கனமானது நடுவில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்று, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்த பிறகும் இந்தப் புத்தி என்னை விடவில்லை. மளிகைக் கடைக்காரர் என்னைக் கண்டால் பொருளைக் கல்லா மேல் பரப்பிவிட்டு, "நீங்களே அடுக்கிக்குங்க சார்" என்று ஒதுங்கிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளாததால் வீட்டில் இதைக் கேட்க ஆள் இல்லை.

அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவளுடைய அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா கடலையும் நெல்லும் போட்டுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். அவளுக்கு அப்பா வழிப் பெரியப்பா ஒருவர் உண்டு, அந்தக் காலத்தில் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணம் என்றதும் மட்டும் வெள்ளைச் சட்டையோடு வந்து, "சபையில முன்ன நிக்க ஆம்பள வேணுமில்ல, நான் இருக்கேன்" என்றார். அவர் போனதும் பெண் என்னிடம் வந்தாள்.

"மாமா, மாலை போட்டு என்ன மேடைக்குக் கூட்டிட்டுப் போறது நீங்கதான். அவரு கூடல்லாம் என்னால நடக்க முடியாது. சொல்லிட்டேன்."

தாய்மாமன் செய்யும் முறைதான் அது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவள் தலையில் தட்டினேன். அந்த நேரத்துக்கு நான் அங்கே இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம் எனக்குத் துளிகூட வரவில்லை.

மண்டபம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த நாளுக்கு முந்தின நாள், அதாவது பெண் அழைப்பு நாள், பௌர்ணமி! "விசேஷம்தானே?" என்றார்கள். அன்றைக்கு மலையைச் சுற்றி ஜனங்கள் ஆறாக ஓடும், மதியத்துக்கு மேல் போலீஸ் ஒரு வண்டியையும் உள்ளே விடாது என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. "நான் பாத்துக்கறேன்" என்றேன். இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் ஓர் ஆபரேஷன்!

ஆட்களுக்கு இரண்டு வேன், சாமானுக்கு ஒரு குட்டி யானை லாரி. சீர்த்தட்டுகளும் மாமன் மாலையும் போய் இறங்கியதும் முதலில் வேண்டும், ஆகவே கடைசியில் ஏறும். சமையல் பாத்திரம் நடுவில். என் பைக்கை விடியற்காலையிலேயே ஓர் உறவுக்காரப் பையனிடம் கொடுத்து, வழியை உளவு பார்க்க அனுப்பிவிட்டேன். இதோடு நிறுத்தியிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். எடை பார்க்கும் மெஷின் ஒன்றை அக்கா வீட்டு வாசலில் வைத்து, சின்னம்மாவை அதில் ஏறி நிற்கச் சொன்னேன்.

"எதுக்குடா?"

"வேன்ல எடை சமமா இருக்கணும் சின்னம்மா. ஜாஸ்தி இருக்கறவங்க நடுவுல, கம்மியா இருக்கறவங்க பின்னால."

"அட கட்டையில போறவனே! என்ன இன்னா நெல்லு மூட்டனு நெனச்சியா?"

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் நேராகப் போய் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். யார் சொல்லியும் இறங்கவில்லை. அத்தோடு எடைத் திட்டம் பணால். மற்றபடி நான் பேர் கூப்பிட்ட வரிசையில்தான் எல்லாரும் ஏறினார்கள். கையில் பட்டியல், கழுத்தில் விசில். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் விசில் இருந்தது. இரண்டு வேனிலும் தலை எண்ணினேன். சரியாக இருந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் கை அசைத்து, விசில் ஊதி, வண்டிகளைக் கிளப்பிவிட்டேன். தெரு முனையில் அவை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் டீ போட்டுக் குடித்தேன். அன்றைக்கு என்னைவிடத் திருப்தியான ஆள் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான்.

பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த தகவலுக்காகக் காத்திருந்தேன். வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் காத்திருப்பேன். போன் அடித்தது.

"வந்து சேந்துட்டோம்டா. ஒரு தட்டு சாயல, நல்லபடியா வந்தாச்சு" என்றாள் அக்கா. "நீ எங்க இருக்க?"

"இங்கதான்."

"இங்கதான்னா? நானும் மண்டபத்துலதான் நிக்கறேன். உன்னக் காணோமே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகை. மாடு என்னைப் பார்த்தது.

ஐயோ கடவுளே! எனக்கு நான் இடமே போடவில்லை. எந்த வேனிலும் என் பேர் இல்லை. திட்டம் போடுகிறவன் எந்தக் காலத்தில் ஏறியிருக்கிறான்? முதல் வேனில் இருந்தவர்கள் நான் இரண்டாவதில் வருகிறேன் என்று நினைத்தார்கள், இரண்டாவதில் இருந்தவர்கள் முதலாவதில் போகிறேன் என்று. நான் எதையுமே நினைக்கவில்லை. அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது லைன் போய்விட்டது. பௌர்ணமியன்று மலையைச் சுற்றி போன் எடுக்காது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். நான் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே ஓடினேன்.

வந்த பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. படியில் தொங்கிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் நடைதான். எல்லாரையும் போல மலையை வலமாகச் சுற்றிப் போனால் அடி அண்ணாமலை வெகு தூரம், நல்ல நேரம் தாண்டிவிடும். காஞ்சி ரோட்டு வழியாக எதிர்ப்பக்கமாகப் போனால் பாதித் தூரம். திட்டக்காரன் மூளை உடனே குறுக்கு வழியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பௌர்ணமியன்று மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறவன் எவன் இருக்கிறான்? ஊரே ஒரு பக்கமாக வர, பட்டு வேட்டியோடு நான் ஒருத்தன் எதிரில் போனேன்.

"யோவ், சாமிய எதிர்ப்பக்கமாவா சுத்துவாங்க?" என்று ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பியேவிட்டார். ஒரு அம்மா, "பாவம், புத்தி சரியில்ல போல, வழி விடுங்க" என்றார். அதற்குப் பிறகு வழி கிடைத்தது. அன்னதானப் பந்தலில் ஒருவர் சுடச்சுடப் புளிசாதத்தைக் கையில் திணித்துவிட்டார், வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. செருப்பின் வார் எங்கோ அறுந்தது. புளிசாதத்தை ஒரு கையிலும் வேட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இந்நேரம் மாலையைக் கையில் எடுத்திருப்பார், இவள் தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் நடந்துகொண்டிருப்பாள் என்றே கண்ணுக்குள் ஓடியது.

மண்டபத்து வாசலில், கிரிவலக்காரர்கள் போகும் பாதை ஓரமாக, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் மணப்பெண் அலங்காரத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமன் மாலை. கூட்டத்தில் நான் தாண்டிப் போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் கல்யாணப் பெண் என்று நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பொட்டே தெரியவில்லை. பின்னால் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பட்டியல்ல உங்க பேரு இல்லைனு நான் காலையிலயே பாத்தேன் மாமா. எல்லாருக்கும் இவ்ளோ பாக்கறவரு, அவருக்குனு ஒரு வண்டி வெச்சிருப்பாருனு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "ஏன் மாமா உங்கள ஒரு ஆளாவே சேத்துக்க மாட்டேங்கறீங்க?"

எத்தனையோ விமானங்களை அனுப்பியிருக்கிறேன். போய் இறங்கிய இடத்தில் எனக்காக ஒருவர் காத்திருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. புளிசாதத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மாலையை வாங்கினேன். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். போட்டேன். போட்டதுதான் தாமதம், அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்து, முந்தானையால் என் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"ஏண்டா, லேட்டா வந்தவனும் நீ, அழறவனும் நீயா? நட முன்னால!" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.