எதிர்காற்றுக்கு மட்டும் குனிந்தவன்

ராசேந்திரன் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் செய்து, "மாமா, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்றாள். "வரேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இங்கே என் பதிவுகளைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியாது. எண்பதுகளில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில், பேக்கிங் செக்‌ஷனில், என்னோடு வேலை பார்த்தவன். ஊருக்கு வெளியே இருவருக்கும் ஒரே காலனி, ஒரே ஷிப்ட். எனக்கு மச்சான் முறை.

அவன் சைக்கிளைச் சொல்ல வேண்டும். சாதாரண சைக்கிள்தான்... ஆனால் திருச்சியில் பழைய சாமான் கடையில் ஒரு ரேஸ் சைக்கிள் ஹேண்டில்பாரைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தான். கிடாக் கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைந்திருக்கும். ஃபேக்டரியில் எல்லாரும் கேலி செய்வார்கள். "என்னடா, வண்டிய முட்ட விடப் போறியா?"

ஆடி மாதம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் அந்த ரோட்டில் எதிர்காற்று ஆளையே தள்ளும். நான் எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. அவன் கீழ் வளைவைப் பிடித்து, முதுகை மடக்கி, புழுதிக்குள் சர்ரென்று போய்விடுவான்.

கை வலித்தால் பிரேக் பக்கம் மாற்றிக்கொள்வான். டவுனுக்குள் நுழைந்தால் ஹேண்டிலின் நேரான மேல் கம்பி... நேராக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவான். "ஒரே எடத்தப் புடிச்சிக்கிட்டே இருக்க இது என்ன பொண்டாட்டி கையா மாப்ள?" என்பான்.

இனி சொல்லப் போவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஃபேக்டரிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். காலனி ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிள் மிதிக்கக் கூடாது. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் இறங்கி, தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் ஏற வேண்டும். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. என் அப்பா இறங்கினார்... நானும் இறங்கினேன்.

ராசேந்திரன் இறங்கமாட்டான். திருப்பம் வந்ததும் கீழ் வளைவிலிருந்து கையை எடுத்து மேல் கம்பிக்கு மாற்றுவான். முதுகு நிமிரும். நடுத்தெருவில், மெதுவாகப் போவான். பின்னால் நான், தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு...

ஒருநாள் தெருக்காரர் ஒருவர் மறித்தார். கோபம்கூட இல்லை, சமாதானம் பேசுகிற குரல்.

"எறங்க வேணாம்ப்பா, விடு. அதான் வளைஞ்ச ஹேண்டிலு வச்சிருக்கியே, கீழ புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சாப்ல போயிடு. எங்களுக்கும் மரியாதை, நீயும் நேரத்துக்கு வேலைக்குப் போயிடலாம்."

எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ராசேந்திரன் மேல் கம்பியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான். "எதிர்காத்துக்குத்தாங்க குனியறது. ஒங்க தெருவுல காத்தே இல்லீங்களே."

அந்த வாரமே, அதே தெருவில், வண்டியோடு தள்ளிவிட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

மாவுக்கட்டு போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் அதே மேல் கம்பியைப் பிடித்து, அதே தெருவுக்கு வந்தான். அன்றைக்கு நானும் பெடலில் இருந்து காலை எடுக்கவில்லை. அவனே திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"நீ எறங்கிக்க மாப்ள. ஒங்கக்கா கல்யாணம் முடியற வரைக்கும் ஒங்கப்பாவுக்கு இவங்க முந்திரிக் கொல்லையில வேல வேணும்."

இறங்கினேன். அவன் சொன்னதற்காக என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவன் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அசிங்கம்.

தெருக்கோடியில் ஒரு காலைத் தரையில் ஊன்றி எனக்காக நிற்பான். நான் தள்ளிக்கொண்டு வந்து ஏறுகிறவரை ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா கல்யாணம் முடிந்தது. அப்புறமும் நான் இறங்கித்தான் போனேன்... அவனும் தெருக்கோடியில் எனக்காக நின்றுதான் போனான்.

இன்று அவனைக் கடைசியாகப் பார்க்க ஸ்கூட்டியில் அந்தத் தெரு வழியாகப் போனேன். தெரு முழுக்க மாடி வீடு, செல்போன் கடை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பிள்ளையார் கோயில் திருப்பம் வந்ததும் என் இரண்டு கையும் தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டன. கால் தரைக்கு வந்துவிட்டது.

பின்னால் மினிபஸ்காரர் ஹாரன் அடித்தார். "என்னாச்சு பெரியவரே, போங்க!"

அவன் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். வலது மணிக்கட்டு கடைசி வரை கோணலாகவே இருந்தது. தொட்டுப் பார்த்தேன்...

போய் வா மச்சான். இந்தத் தடவை தெருக்கோடியில் எனக்காக நிக்காதே.