நடந்து போகிற தூரம்

கல்யாணமான புதிதில் தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் அறிவியல் ஆசிரியை. என் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. கணவரின் அலுவலகமும் நடந்து போகிற தூரம்தான். எங்களிடம் வண்டி கிடையாது, தேவைப்படவும் இல்லை. சாயங்காலம் அவர் பள்ளி வாசலில் வந்து நிற்பார். மார்க்கெட் வழியாகக் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்போம்.

வீட்டுக்குள் அவர் அதிகம் பேசமாட்டார். கால் நடக்க ஆரம்பித்தால்தான் வாய் திறக்கும். சின்ன வயதில் ஆற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டது, மேலதிகாரியோடு மனஸ்தாபம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் என்பது, எல்லாமே கத்தரிக்காய்க் கடைக்கும் எங்கள் மாடிப்படிக்கும் நடுவில் நான் கேட்டவை.

சொந்த வீடு வேண்டும் என்ற ஆசையும் அந்த நடையில்தான் வந்தது. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷம், ஒரத்தநாடு சாலையில் போட்டிருந்த புது நகரில் மனை பார்க்கப் போனோம். அறுவடை முடிந்த வயல். அறுத்த நெல்தாள்கூட மட்கவில்லை, அதற்குள் வெள்ளையடித்த கல்லை நட்டிருந்தார்கள்.

“டவுனுக்குப் பத்தே நிமிஷம் சார்,” என்றார் மனை காட்டியவர். எதில் போனால் பத்து நிமிஷம் என்று நாங்கள் கேட்கவில்லை.

வீடு கட்டிக் குடிபோனோம். முதலில் அவருக்கு ஒரு பைக் வந்தது. என் நேரமும் அவர் நேரமும் ஒத்துவராததால் எனக்கு ஒரு ஸ்கூட்டர். மகளுக்கு டியூஷன், மழைக்காலம், வயதான மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று கடைசியில் கார். ஒவ்வொன்றுக்கும் சரியான காரணம் இருந்தது. பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. காலையில் மூன்று பேரும் மூன்று திசையில் கிளம்புவோம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மனிதரிடம் என்ன பேசுவது?

எங்கள் மேற்கு ஜன்னலை ஒட்டி ஒரே ஒரு வயல் மட்டும் விற்காமல் இருந்தது. ஒரு அக்கா அதில் பயிர் செய்துவந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பகுதியில் கூலிக்கு நட்டவர்கள். அவர் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாகவே வாங்கியிருந்தார். குறுவைக்குத் தண்ணீர் கட்டி நாற்று நட்டுவிட்டால், வெயில் எவ்வளவு காய்ந்தாலும் அந்த ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வரும். நாங்கள் மூவரும் அந்த அறையில்தான் படுப்போம்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு லாரி லாரியாகக் கிராவல் மண் வந்து அந்த வயலில் கொட்டியது. நான் வேலி ஓரமாகப் போனேன். அந்த அக்கா தன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வித்துட்டீங்களாக்கா?”

“என்ன பண்ணச் சொல்றீங்க டீச்சர். சுத்தி வீடு வந்துடுச்சு. வர்ற தண்ணிக்கும் வழியில்ல, வடியுற தண்ணிக்கும் வழியில்ல. உங்க தெருவுக்கு அடியிலதான் எங்க வாய்க்கால் இருக்கு.”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. அதே தெருவில் என் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

“இனிமே பயிர் வைக்கமாட்டீங்களா?”

“வைக்காம? ஒரத்தநாட்டுக்கு அந்தாண்ட வாங்கியிருக்கேன். தெனம் மொபெட்ல போயிட்டு வரணும். இங்கன்னா, வூட்டுலேர்ந்து மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே வந்துடுவேன்.”

அடுத்த கோடையில் அந்த அறைக்கு ஏசி வாங்கினோம்.

நெல் வயலில் தேங்கும் தண்ணீரிலிருந்தும் மீத்தேன் கிளம்புகிறது என்று வகுப்பில் நானே சொல்லித்தருகிறேன். வயல் என்றால் ஒரு பாவமும் அறியாதது என்று நினைக்கிறவள் இல்லை. ஆனாலும் வளிமண்டலப் பாடத்தில் கார்பன் எங்கிருந்து வருகிறது என்று கரும்பலகையில் எழுதும்போது, வண்டி, சிமெண்ட், செங்கல் சூளை, கரண்ட் என்று என் வீட்டையே வரிசையாக எழுதுவதுபோல் இருக்கும். கை ஒரு நொடி நிற்கும். பிறகு எழுதிவிடுவேன்.

சில வருஷம் கழித்து ஒருநாள் என் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் போயிருந்தது. என்னைக் கூட்டிப்போகக் கணவர் பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. பைக்கின் மேல் உட்காராமல், பழையபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“வண்டி இங்கயே இருக்கட்டும். மார்க்கெட் வரைக்கும் நடக்கலாமா?” என்றார்.

நடந்தோம். பூக்கடையைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தார்.

“நம்ம மாடி வீடு காலியாத்தான் இருக்கு. போன மாசம் போய்ப் பார்த்தேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொல்லணும்னுதான் வந்தேன். வண்டியை உள்ள ஏத்தி நிறுத்துறதுக்குள்ள, சொல்ல வந்தது போயிடுது. தெனமும் அப்படித்தான் போயிடுது.”

“அங்கயே திரும்பக் குடி வந்துடலாமாங்க?”

அவர் சிரிக்கவில்லை. “உனக்கு அப்படித் தோணுதா?” என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தோம். அதற்குள் கீழே இருந்த பாத்திரக்கடைக்காரர் மாடியைச் சேர்த்து எடுத்துக் குடோனாக்கிவிட்டார். படிக்கட்டில் அண்டாக்கள் அடுக்கியிருந்தன. இருவரும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

எங்கள் புது நகரிலேயே காலையில் நடந்து பார்த்தோம். நேர்நேரான தெருக்கள், போய்ச் சேர ஓர் இடமில்லை, கடைசி மனைக்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த நடையில் அவருக்குப் பேச்சு வரவில்லை.

மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போனபின் காரையும் ஸ்கூட்டரையும் விற்றுவிட்டோம். இப்போது ஒரே பைக்கில் டவுனுக்கு வந்து, பெரிய கோயில் பக்கம் நிறுத்திவிட்டு, அவரவர் வேலைக்கு நடக்கிறோம். சாயங்காலம் சேர்ந்து திரும்புகிறோம். பழைய பேச்சில் பாதிகூட முடிவதில்லை. தினமும் மனசு மீதியைக் கேட்கிறது.

நேற்று அவருடைய அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத விஷயம். பாதியில் வண்டி நிறுத்திய இடம் வந்துவிட்டது. சாவியை எடுத்தார். “சொல்லி முடிங்க,” என்று அவர் கையைப் பிடித்தேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கோயில் அகழி ஓரமாக இன்னொரு சுற்று நடந்தோம்.