போர்தோவில் வாங்கிய புட்டி

அப்பாவின் கருமாதிப் படையலுக்கு முன்னால் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், மச்சான் இருந்தார், நான் இருந்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருடம் எனக்குக் கப்பலில் சமையல் வேலை. பிரான்சில், போர்தோவில் நின்றபோது அப்பாவுக்கு ஒரு புட்டி ஒயின் வாங்கினேன். பத்து வருடம் கழித்துத் திறந்தால்தான் ருசி என்றான் திராட்சைத் தோட்டக்காரன்.

ஊர் திரும்பி, காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் அதைக் கொடுத்தபோது அப்பா அன்றே திறக்கப் பார்த்தார். பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.

“அது வரைக்கும் நான் இருக்கணுமேடா,” என்று சிரித்தார். பிறகு கேட்கவே இல்லை.

இப்போது மச்சான் திருப்புளியால் தக்கையை உள்ளே தள்ளினார். நான் தம்ளரில் ஊற்றி இலையருகே வைத்தேன்.

“வாய் இருந்தப்ப குடுக்கல,” என்றாள் அம்மா.

மிச்சத்தை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. தோட்டக்காரன் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஏழு வருடம்.